பழைய எண், புதிய எண்

சில கோப்புகளின் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பித்தால் லினக்ஸ் அதைச் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது. வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப்பெட்டி மாதிரி. பெட்டி இருப்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதை ஏற்றி வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் இப்போது ஊரில் இருக்க மாட்டார்!

அப்பாச்சி சர்வரில் ஓடும் பல தளங்களில் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஹெச்டிஅக்சஸ் என்று பெயர். முன்னால் ஒரு புள்ளி. அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் குப்பை என்று நினைத்துக் கொட்டிய ஒரு மாணவனின் கதை இது.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி. கணினித் துறையில் மூன்றாம் ஆண்டு படித்த அவனிடம் துறையின் வலைத்தளத்தை ஒப்படைத்தார்கள். ஒப்படைப்பு என்றால் பெரிய விழா எல்லாம் இல்லை. படிப்பை முடித்த சீனியர் ஒருவர் ஒரு தாளில் கடவுச்சொல்லை எழுதி, "பாத்துக்கடா" என்று கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவ்வளவுதான்.

2024 நவம்பரில் முதல் வேலை வந்தது. கேம்பஸ் இன்டர்வியூ விவரங்களைப் போட ஒரு பக்கம் வேண்டும் என்றார் துறைத் தலைவர். தளம் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. பத்து நிமிட வேலை. ‘பிளேஸ்மென்ட்’ என்று ஒரு பக்கம் உண்டாக்கித் திறந்து பார்த்தான். வெள்ளைத் திரை. நடுவில் ஒரே ஒரு வரி:

‘லேஸ்மென்ட்’ என்ற பாடம் கிடைக்கவில்லை.

லேஸ்மென்ட்டா? முன்னால் இருந்த ‘பி’ எங்கே போனது? வேர்ட்பிரஸ்ஸில் இருக்கும் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். பக்கத்தை அழித்துத் திரும்ப உண்டாக்கினான். அதே வரி. அதன் பிறகுதான் அந்தப் புள்ளி வைத்த கோப்பு ஞாபகத்துக்கு வந்தது.

* * *

திறந்தால் 63 வரிகள். தொப்பிக் குறி, டாலர் குறி, அடைப்புக்குறி, நட்சத்திரம்... பூச்சி ஊர்ந்து போன தாள் மாதிரி இருந்தது.

இதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். உலாவியில் ஒருவர் அடிக்கும் முகவரி ஒன்று. சர்வரில் அந்தப் பொருள் இருக்கும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு "நீங்க கேட்டது அங்க இல்ல, இங்க இருக்கு" என்று கைகாட்டுகிற ஆள்தான் மாட்ரீரைட் என்கிற அப்பாச்சி நிரல்துண்டு. ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் 1996ல் எழுதி, 1997ல் அப்பாச்சி குழுவுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எழுதப்பட்ட தளங்களில் பல அவர் தயவில்தான் அழகான முகவரி வைத்திருக்கின்றன என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கேள்விக்குறியும் சமக்குறியும் எண்களுமாக நீளும் பிஹெச்பி முகவரிகளைக் குட்டியாக ஆக்கிக் காட்டுவது அதன் முக்கியமான உபயோகம்.

கைகாட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சத்தம் போடாமல் உள்ளேயே மாற்றிக் கொடுப்பது. வந்தவருக்கு எதுவும் தெரியாது; முகவரிப் பட்டையில் அவர் அடித்ததே நிற்கும். இன்னொன்று, "அந்த வீட்டுக்குப் போங்க" என்று உலாவியைத் திருப்பி அனுப்புவது. தற்காலிகமாக என்றால் 302. நிரந்தரமாக என்றால் 301.

அவன் தேடிய வில்லன் பன்னிரண்டாவது வரியில் இருந்தான். அந்த விதி சொன்னது இதுதான்: முகவரி ‘பி’ என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பித்தால், மீதி இருப்பது எதுவானாலும் சரி, அதைப் பாட எண்ணாக எடுத்துக்கொண்டு ஒரு பழைய பிஹெச்பி நிரலுக்கு அனுப்பு. ‘பிளேஸ்மென்ட்’டில் ‘பி’யை எடுத்துவிட்டு மீதியைப் பாட எண் என்று தூக்கிக் கொடுத்திருக்கிறது! அதுவரை தளத்தின் முதல் மட்டத்தில் ‘பி’யில் தொடங்கும் பக்கம் எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த விதிக்கு மேலே ஒரு குறிப்பு வரி இருந்தது. ஹேஷ் குறி போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழில்: சார் நோட்ஸ், தொடாதே.

எந்த சார்? என்ன நோட்ஸ்? ஏன் தொடக்கூடாது? ஒன்றும் எழுதவில்லை. துறையில் பதினான்கு சார்கள் இருக்கிறார்கள்.

* * *

சரி, தொட்டான். அந்த ஒரு வரியை மட்டும் அழித்தான்.

ஹெச்டிஅக்சஸ் கோப்பில் ஒரு வசதி உண்டு, அதுவே ஆபத்தும்கூட. ஒவ்வொரு முறை யாராவது ஒரு பக்கத்தைக் கேட்கும்போதும் அப்பாச்சி அந்தக் கோப்பைப் புதிதாகப் படிக்கும். சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டாம். சேமித்த நொடியே அமலுக்கு வந்துவிடும். சர்வரின் பிரதான அமைப்புக் கோப்பை மாற்றினால் இயக்குவதற்கு முன்பே பிழை இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளை ஹெச்டிஅக்சஸ்ஸை எட்டிப் பார்க்காது. நேராக மேடையில்தான் ஒத்திகை.

பிளேஸ்மென்ட் பக்கம் திறந்தது. ஆனால் முகப்புப் பக்கத்தில் ‘நாட் செக்யூர்’ என்ற எச்சரிக்கை வந்துவிட்டது. ஒரு வரியை எடுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ரீரைட் விதிகளுக்கு மேலே நிபந்தனை வரிகள் எழுதுவார்கள். ஒரு நிபந்தனை, தனக்குக் கீழே முதலில் வரும் விதிக்கு மட்டும்தான் சொந்தம். ‘பி’ விதிக்கு மேலே இரண்டு நிபந்தனைகள் இருந்தன: கேட்ட பெயரில் நிஜமான கோப்பு இருக்கக்கூடாது, நிஜமான கோப்புறையும் இருக்கக்கூடாது. அவன் விதியை அழித்தான், நிபந்தனைகளை விட்டுவிட்டான். அவை அனாதையாக நிற்கவில்லை. அடுத்து இருந்த விதியோடு போய் ஒட்டிக்கொண்டன. அடுத்த விதி, வருகிற எல்லோரையும் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு அனுப்பும் விதி. முகப்புப் பக்கத்தின் முகவரி சர்வருக்கு ஒரு நிஜமான கோப்புறை. ‘கோப்புறை இருக்கக்கூடாது’ என்ற நிபந்தனை அங்கே தோற்றுப் போகும். ஆகவே முகப்புக்கு வந்தவர்களை மட்டும் அந்த விதி கண்டுகொள்ளவில்லை.

கல்யாண வீட்டில் ஒரு பந்தல் காலைப் பிடுங்கினால் அதில் கட்டிய சீரியல் பல்பு பக்கத்து வரிசையில் அணைவது மாதிரி. இது அவனுக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம் எரிச்சல் மட்டும்தான். மணி ஒன்றரை. மெஸ் மூடிவிடுவார்கள்.

கன்ட்ரோல் ஏ. டெலீட். சேவ். 63 வரியும் போய்விட்டது.

உடனே உள்பக்கங்கள் எல்லாம் 404 காட்டின. அதற்கு அவனுக்கு வைத்தியம் தெரியும். வேர்ட்பிரஸ்ஸின் செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் சேவ் பொத்தானை அழுத்தினால், வேர்ட்பிரஸ் தனக்கு வேண்டிய வரிகளைத் தானே எழுதிக்கொள்ளும். எழுதிக்கொண்டது. ஹெச்டிடிபிஎஸ் திருப்பலை சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பொத்தானால் போட்டான். பிளேஸ்மென்ட் திறந்தது. முகப்பு திறந்தது. எல்லாம் திறந்தது. பத்துச் சொச்சம் வரியில் பளிச்சென்று ஒரு கோப்பு!

அன்றைக்கு மெஸ்ஸில் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "பதினஞ்சு வருஷக் குப்பைடா. ஒரே நிமிஷம்."

* * *

பதினோரு நாள் கழித்து, பிளேஸ்மென்ட் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று துறைத் தலைவர் கேட்டார். அதற்காக சர்வரின் வருகைப் பதிவை இறக்கினான். யார் எப்போது எந்த முகவரியைக் கேட்டார்கள், சர்வர் என்ன பதில் சொன்னது என்று வரிவரியாக எழுதி வைக்கும் கோப்பு அது.

உள்ளே நிறைய 404. அதில் பெரும்பாலானவை குப்பைதான். எந்தத் தளத்தின் பதிவைத் திறந்தாலும், ஓட்டை தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் இல்லாத முகவரிகளைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். ஆனால் நடுவில் ஒரு கொத்து வேறு மாதிரி இருந்தது. ஒரே கைப்பேசி. ஒரே இரவு. சர்வர் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம் வரும். கூட்டிப் பார்த்தான்.

இரவு 11.42: பி7. பதில் 404.

11.43: அதே பி7, பெரிய எழுத்தில். 404.

11.44: பி, சாய்கோடு, 7. 404.

11.46: பி07. 404.

11.49: பி7, பின்னால் பிடிஎஃப். 404.

11.51: முகப்புப் பக்கம். 200.

11.53: தளத்தின் தேடுபெட்டியில் ‘ரங்கே குட்டா’. பக்கம் வந்திருக்கிறது, ஆனால் வேர்ட்பிரஸ்ஸுக்கு அந்தப் பெயரில் எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கைப்பேசியிலிருந்து எதுவும் இல்லை.

ஒவ்வொரு வரியிலும் ‘எங்கிருந்து வந்தார்’ என்ற இடத்தில் முதல் ஐந்திலும் வெறும் கோடு. வேறு பக்கத்தில் இருந்த சுட்டியைச் சொடுக்கி வந்திருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் ஏதாவது இருக்கும். கோடு இருந்தால், முகவரியைக் கையால் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை விதமாக மாற்றி மாற்றி அடித்ததைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. எங்கேயோ எழுதியிருப்பதைப் பார்த்து அடித்திருக்கிறார்.

தேதியைப் பார்த்தான். மறுநாள் காலை நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பரீட்சை. அரியர் வைத்தவர்களுக்கானது.

அவனுக்கு அந்த ‘சார் நோட்ஸ்’ குறிப்பு ஞாபகம் வந்தது.

* * *

ஆய்வகத்தில் இருபது வருஷமாக இருக்கும் உதவியாளரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் போய்க் கேட்டான்.

"அண்ணே, வெப்சைட்ல சார் நோட்ஸ்னு இருந்துச்சே, எந்த சாரு?"

"கணக்கு சாரு. நீ பாத்திருக்க மாட்ட தம்பி. 2014ல ரிட்டயர் ஆயிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப இல்ல."

பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒரு ஸ்பைரல் கட்டு எடுத்துக் கொடுத்தார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் கரேல் என்றிருந்தது. நியூமெரிக்கல் மெத்தட்ஸ் முழுக்கத் தமிழில், கையெழுத்தில். பத்துப் பாடம். ஒவ்வொரு பாடத்தின் தலைப்புக்கும் மேலே, வலது மூலையில், கல்லூரி முகவரியும் அதன் கடைசியில் பி1, பி2, பி3 என்றும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் முறையாக ஆங்கிலத்தில் கணக்கைப் பார்த்து முழிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக அந்த சார் எழுதியது. கட்டில் இருந்தது சுருக்கம். தளத்தில் இருந்தது ஒவ்வொரு படியும் விளக்கிய முழுக் கணக்கு. 2009ல் மாணவர்கள் சிலர் அதை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். அப்போது முகவரி ஒரு முழம் நீளம் இருந்ததாம்.

"சாரு சொன்னாரு, ஏம்ப்பா, போர்டுல ஒரு வரில எழுதுற மாதிரி இருக்கணும், பின் பெஞ்சுல இருக்குறவன் தப்பில்லாம எழுதிக்கணும்னு. அதுக்குத்தான் பசங்க அந்த பி போட்டானுக. பின்னா பாடம்."

பி என்றால் பாடம்! அவன் அதைப் பேஜ் என்றோ பிஹெச்பி என்றோ நினைத்திருந்தான்.

2016ல் தளத்தை வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றியபோது வேறு ஒரு மாணவன் இந்தப் பழைய நிரலை ஓரமாக அப்படியே விட்டுவிட்டு, விதியை மட்டும் கவனமாகப் புதிய கோப்பில் முதலில் வைத்திருக்கிறான். ‘தொடாதே’ என்று எழுதியது அவன்தான். காரணத்தையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். சார் அப்போது உயிரோடு இருந்தார். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுவது என்று நினைத்திருப்பான்.

ஏழாம் பாடத்தைப் புரட்டினான். ரங்கே-குட்டா முறை. ஒரு வளைகோட்டில் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். நிற்கிற இடத்தின் சரிவை மட்டும் பார்த்து அடி வைத்தால் தப்பாகப் போகும். ஆகவே நான்கு முறை பார்க்க வேண்டும்: ஆரம்பத்தில் ஒரு முறை, பாதி வழியில் இரண்டு முறை, முடிவில் ஒரு முறை. நடுவில் பார்த்த இரண்டுக்கும் இரட்டை மதிப்புக் கொடுத்து, மொத்தத்தை ஆறால் வகுத்து, அதன் பிறகுதான் அடி வைக்க வேண்டும். பக்கத்தில் சார் ஒரு வாய்க்கால் படம் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆளைத் தாண்ட விட்டிருந்தார். கீழே எழுதியிருந்தார்: தாண்டுமுன் நாலு தடவை பார். தாண்டிய பிறகு பார்த்தால் அதற்குப் பெயர் விழுவது.

* * *

அன்று இரவே சரி செய்தான். வேலை என்னவோ ஒரு வரிதான். ‘பி’க்குப் பிறகு எதுவானாலும் என்று இருந்த இடத்தில், எண்கள் மட்டும், எண்களோடு முகவரி முடிய வேண்டும் என்று மாற்றினால் போதும். பி7 உள்ளே போகும், பிளேஸ்மென்ட் போகாது. பெரிய எழுத்தில் அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு கொடி சேர்த்தான். முதல் நாளே இதைச் செய்திருந்தால் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருக்கும். நோய் ஒரு எழுத்தில் இருந்தது. அவன் ஆளையே அனுப்பிவிட்டான்.

மற்ற விதிகள்? அழிப்பதற்கு முன் நகல் எடுத்து வைக்கவில்லை. நல்லவேளை, சர்வர் நிறுவனத்திடம் வாராந்திரக் காப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து 63 வரியையும் எடுத்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தான். நிஜமாகவே செத்துப்போன விதிகள் இருந்தன. 2011ல் நடந்த ஒரு கருத்தரங்குக்கான திருப்பல், அது போய்ச் சேரும் பக்கமே இல்லை. அதை நீக்கியது சரிதான். வரிகளை நீக்குவதே பாவம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இரண்டு விதிகள் ஒன்றையொன்று திருப்பி அனுப்பிக்கொண்டு, சுற்றிச் சுற்றிக் கடைசியில் சர்வர் 500 என்று கைவிரிக்கும் கோப்புகளும் உண்டு. தளத்தில் புகுந்தவர்கள், தேடுபொறியிலிருந்து வருபவர்களை மட்டும் வேறு தளத்துக்குக் கடத்தும் விதிகளை நூறு வெற்று வரிகளுக்குக் கீழே ஒளித்து வைத்துப் போவதும் உண்டு. முகவரியை நேராக அடிக்கும் சொந்தக்காரர் கண்ணில் அது படவே படாது. அவற்றையெல்லாம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எடுக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு நகல், சர்வருக்கு வெளியே. பிறகு அழிக்காமல் ஹேஷ் குறி போட்டு முடக்கி வைப்பது. விதியை எடுத்தால் அதன் நிபந்தனைகளையும் சேர்த்து எடுப்பது. அடுத்த இத்தனை விதிகளைத் தாண்டு என்று எண்ணிக்கை போட்ட கொடிகள் மேலே இருந்தால், நடுவில் ஒன்று போனதும் கணக்கு தவறும், அதைப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேல், வருகைப் பதிவில் அந்த முகவரியை யாராவது கேட்கிறார்களா என்று தேடுவது. ஒரு வாரம் தேடினால் போதாது. பி7ஐ வருஷத்தில் இரண்டு முறைதான் கேட்பார்கள், அரியர் வரும்போது. மீதி பத்து மாதம் அது செத்த விதி மாதிரியே கிடக்கும்.

இன்னொன்றும் அவன் அந்த வாரத்தில் கற்றுக்கொண்டான். 301 என்று நிரந்தரமாகத் திருப்பிய விதியை சர்வரிலிருந்து நீக்கினாலும், அது முழுதாகப் போவதில்லை. ஒரு முறை அந்தப் பதிலைக் கேட்ட உலாவி அதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே பழைய வழியில் போய்விடக்கூடும். ஊருக்கெல்லாம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாத மாதிரி. அதனால்தான் அனுபவசாலிகள் புதிய திருப்பலை முதலில் 302 ஆக வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தெரிந்த பிறகு 301 ஆக்குகிறார்கள்.

* * *

இது ஒரு கல்லூரித் துறையின் குட்டிக் கதை. பெரிய இடத்திலும் இதேதான் நடக்கிறது. வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று 1998லேயே ஒரு கட்டுரை எழுதினார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம். யார் கேட்டார்கள்? 2013ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்துக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024ல் கணக்குச் சொன்னது.

அதே 2024ல் கூகுள், தன்னுடைய பழைய முகவரிச் சுருக்கிச் சேவையின் சுட்டிகள் எல்லாம் 2025 ஆகஸ்ட் 25க்குப் பிறகு வேலை செய்யாது என்று அறிவித்தது. அந்தச் சேவை 2019லேயே புதிய சுட்டி தருவதை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய சுட்டிகள் புத்தகங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அச்சாகிக் கிடந்தன. அச்சில் இருப்பதை யார் போய்த் திருத்துவது? கடைசி நேரத்தில், 2025 ஆகஸ்டில், முடிவைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்: 2024 இறுதியில் யாரும் தொடாத சுட்டிகள் மட்டும் போகும், மற்றவை இருக்கும் என்று. பரவாயில்லை. ஆனாலும் அந்தச் சில மாதங்களில் யாருக்கும் அரியர் இல்லாத ஒரு பி7 அந்தக் கூட்டத்தில் இருந்திருக்குமோ என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

* * *

அடுத்த வருஷம் வேலைக்கான நேர்முகத்துக்காக அவன் சென்னைக்குப் போனான். திருவல்லிக்கேணியில் சித்தப்பா வீடு. ஆட்டோக்காரரிடம் வீட்டு எண் 14 என்று சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"பழசா, புதுசா தம்பி?"

அவனுக்குப் புரியவில்லை. போய் இறங்கியதும் புரிந்தது. வாசல் பலகையில் பழைய எண் 14 என்றும் அதற்குக் கீழே புதிய எண் 31 என்றும் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டிலும் இரண்டு எண். எதிர் வீட்டிலும் இரண்டு எண். மாநகராட்சி எண்ணை மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"ஏன் சித்தி, அந்தப் பழைய நம்பரை அழிச்சிடலாம்ல?"

"அழிச்சா? உங்க தாத்தாவோட பழைய சிநேகிதர் ஒருத்தர் இன்னும் பொங்கல் வாழ்த்து அனுப்புறாருப்பா. அவருக்குத் தெரிஞ்சது 14தான்."

தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சிநேகிதருக்குத் தகவல் சொல்லிவிட்டார்களாம். இருந்தும் வீட்டுக்கு வாழ்த்து வருகிறது. எண்பதைத் தாண்டியவர், முகவரிப் புத்தகத்தைத் திருத்தியிருக்க மாட்டார்.

* * *

ஊருக்குத் திரும்பியதும் அவன் கோப்பில் இருந்த குறிப்பை மாற்றி எழுதினான். ‘சார் நோட்ஸ், தொடாதே’ என்பதற்குக் கீழே இன்னும் நான்கு வரி சேர்ந்தது. பி என்றால் பாடம். இந்த முகவரிகள் ஸ்பைரல் நகல்களில் அச்சாகி வெளியே சுற்றுகின்றன. எத்தனை நகல் என்று யாருக்கும் தெரியாது. ஏப்ரலிலும் நவம்பரிலும் மட்டும் கேட்பார்கள். நகல் ஒன்று ஆய்வக பீரோவில், அடித்தட்டில்.

பிறகு கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி ஒரு ஜூனியரிடம் கொடுத்தான். "பாத்துக்கடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்து, வரிவரியாகப் படித்துக் காட்டினான். பையன் இரண்டு முறை கொட்டாவி விட்டான். பரவாயில்லை.

போவதற்கு முன்னால் கடைசியாக வருகைப் பதிவை ஒரு முறை இறக்கிப் பார்த்தான். ஏப்ரல் அரியருக்கு முந்தைய இரவு. பி2, பி4, பி4, பி9. எல்லாம் 200. பி7 மூன்று முறை, மூன்று வெவ்வேறு கைப்பேசி. 200, 200, 200.

நவம்பரில் வந்த அந்த ஒருவர் இந்த மூன்றில் இருக்கிறாரா, அவர் அப்போதே பாஸ் ஆகிவிட்டாரா, இல்லை அந்த ஏழாம் பாடத்தால்தான் போனதா என்பது எந்தப் பதிவிலும் இல்லை.